குத்துச்சண்டையின் புதிய எஜமான்

சண்டையில் வென்ற வீரர் மூச்சு வாங்கிக்கொண்டே மைக் முன்னால் நிற்கும் அந்த அரை நிமிடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நன்றி கடவுளுக்கு. அடுத்து பயிற்சியாளருக்கும் குடும்பத்துக்கும். பிறகு, தோற்றவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை. கடந்த சில ஆண்டுகளில் இந்த வரிசைக்குள் புதிதாக ஒருவர் நுழைந்துவிட்டார். 'ஹிஸ் எக்ஸலன்ஸி' என்று அவரைச் சொல்கிறார்கள். உக்ரைன்காரர் சொல்கிறார், மெக்ஸிகோக்காரர் சொல்கிறார், அமெரிக்கரும் சொல்கிறார். ரியாத்தில் மட்டுமல்ல, லண்டனிலும் லாஸ் வேகஸிலும் அந்தச் சொல் கேட்கிறது.

அந்த மேதகு, துர்கி அல்-ஷேக். 1981-இல் பிறந்தவர். தொழில்முறை மேடையில் கையுறை மாட்டி நின்றவர் இல்லை. சவூதி அரேபிய அரசின் பொதுப் பொழுதுபோக்கு ஆணையத் தலைவர், பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மானுக்கு நெருக்கமானவர். இன்று உலகில் எந்த இரண்டு பெரிய வீரர்கள், எந்த ஊரில், எந்த தேதியில் மோத வேண்டும் என்பதில் இவர் சொல்லுக்கு இருக்கும் எடை வேறு எவர் சொல்லுக்கும் இல்லை. 2018-க்கு முன் குத்துச்சண்டை வரைபடத்தில் இல்லாத ஒரு நாடு, ஏழே ஆண்டுகளில் அந்த விளையாட்டின் கல்லாப்பெட்டியாகிவிட்டது. அதனால் ரசிகருக்குக் கிடைத்த லாபம் கண்முன் இருக்கிறது. வீரருக்கு வரப்போகும் நஷ்டத்தைப் பற்றித்தான் போதுமான பேச்சு இல்லை.

விலைக்கு வந்தது ஏன்?

கிரிக்கெட்டுக்கு ஐ.சி.சி. உண்டு, கால்பந்துக்கு ஃபிஃபா உண்டு. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அப்படி ஒரு தலை கிடையாது. நான்கு அமைப்புகள் தனித்தனியே உலகப் பட்டம் வழங்குகின்றன. டபிள்யூ.பி.ஏ., 1963-இல் தொடங்கிய டபிள்யூ.பி.சி., 1983-இல் பிறந்த ஐ.பி.எஃப்., 1988-இல் வந்த டபிள்யூ.பி.ஓ. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தரவரிசை வைத்திருக்கிறது. பட்டத்துக்கான சண்டையில் வீரர் வாங்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. ஒரே எடைப் பிரிவில் நான்கு 'உலக சாம்பியன்கள்' இருக்கலாம். அவர்களில் உண்மையான சாம்பியன் யார் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, தீவிர ரசிகருக்கும் பதில் தெரியாது.

அதற்கு மேல் ப்ரமோட்டர்கள். வீரர் ஒரு ப்ரமோட்டரிடம் ஒப்பந்தத்தில் இருப்பார், அந்த ப்ரமோட்டர் ஒரு தொலைக்காட்சியிடம் ஒப்பந்தத்தில் இருப்பார். எதிர்முகாம் வீரரோடு மோத வேண்டுமென்றால் இரண்டு ப்ரமோட்டர், இரண்டு தொலைக்காட்சி, இரண்டு மூன்று பட்ட அமைப்புகள் எல்லாம் ஒத்துவர வேண்டும். தன் வீரர் தோற்றால் தன் முதலே போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும். ஆகவே தள்ளிப்போடுவதுதான் இந்தத் தொழிலின் இயல்பாகிப்போனது.

மேவெதரும் பக்கியாவும் உச்சத்தில் இருந்தபோது, 2009 இறுதியிலேயே பேச்சு தொடங்கியது. சண்டை நடந்தது 2015 மே 2-ஆம் தேதி. இருவரும் முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். வீட்டிலிருந்து பணம் கட்டிப் பார்த்த 46 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு, ஐந்தாண்டு பழைய பசிக்கு ஆறிய சோறு கிடைத்தது. லெனாக்ஸ் லூயிஸும் ரிடிக் போவும் 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் மோதினார்கள். தொழில்முறையில் மோதவே இல்லை. டைசன் ஃப்யூரியும் அந்தோனி ஜோஷுவாவும் 2021 ஆகஸ்ட்டில் மோதுவதாக எல்லாம் முடிவான பிறகு, முதலில் டியோண்டே வைல்டருடன் மூன்றாவது சண்டையை முடி என்று ஃப்யூரிக்கு ஒரு மத்தியஸ்தத் தீர்ப்பு வந்து எல்லாம் கவிழ்ந்தது.

டெரன்ஸ் க்ராஃபோர்டின் கதை இவை எல்லாவற்றையும் விட வலிக்கக்கூடியது. அமெரிக்காவின் ஒமாஹா நகரத்துக்காரர். தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க திறமை. அவர் பாப் ஆரமின் டாப் ரேங்க் முகாமில், எர்ரல் ஸ்பென்ஸ் எதிர்முகாமில். ஒரே எடைப் பிரிவின் இரண்டு தோல்வி காணாத சாம்பியன்கள் ஆண்டுக்கணக்கில் ஒருவரை ஒருவர் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக 2023 ஜூலையில் சண்டை நடந்தபோது க்ராஃபோர்டுக்கு வயது 35. குத்துச்சண்டைக்காரரின் நல்ல காலம் பத்து ஆண்டுதான். அதில் நான்கைந்தைப் பேரம்பேசுபவர்கள் தின்றுவிட்டார்கள்.

பிளவுபட்ட வீடு, ஒருவரை ஒருவர் நம்பாத வியாபாரிகள், அலுத்துப்போன வாடிக்கையாளர்கள். இப்படி ஒரு சந்தைக்குள் கையில் அளவில்லாத பணத்தோடு ஒருவர் வந்து நின்றால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

திரியாவில் மழை

முதல் அடி சிறியது. 2018 செப்டம்பர் 28, ஜெட்டா. பிரிட்டனின் கேலம் ஸ்மித்தும் ஜார்ஜ் க்ரோவ்ஸும் தங்கள் நாட்டை விட்டுவிட்டுச் செங்கடல் ஓரம் வந்து மோதினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஆமிர் கான் ஜெட்டாவில் இறங்கினார். அவருக்கு எதிராக முதலில் பேசப்பட்டவர் நம் ஹரியானாவின் நீரஜ் கோயத். கார் விபத்தில் அவர் காயம்பட, ஆஸ்திரேலியாவின் பில்லி டிப் அந்த இடத்துக்கு வந்தார்.

உலகம் நிமிர்ந்து பார்த்தது 2019 டிசம்பர் 7-ஆம் தேதி. அந்த ஜூனில் நியூயார்க்கில் ஆண்டி ரூயிஸ், யாரும் எதிர்பார்க்காமல் ஜோஷுவாவை வீழ்த்தியிருந்தார். மறுசண்டை லண்டனிலோ நியூயார்க்கிலோ நடக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, ரியாத்துக்கு வெளியே திரியாவில் அதற்காகவே ஒரு தற்காலிக அரங்கம் எழுப்பப்பட்டது. திரியா சாதாரண இடமில்லை. சவூத் வம்சத்தின் முதல் அரசு எழுந்த மண். களிமண் கோட்டைகள் நிற்கும் அந்தப் பூர்வீகத்தை உலகத் தொலைக்காட்சிகளின் பின்னணியாக நிறுத்தினார்கள். பாலைவனத்தில் அன்றிரவு மழை பெய்தது. ரூயிஸ் எடை ஏறி, கால் ஓடாமல் நின்றார். ஜோஷுவா ஜாக்கிரதையாகத் தள்ளி நின்று குத்தி, பட்டங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெரிய ஹெவிவெயிட் சண்டையை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், பணம் இருந்தால் போதும் என்பது அந்த மழை இரவில் நிரூபணமானது.

2022 ஆகஸ்ட்டில் ஜெட்டாவில் உக்ரைனின் உசிக்கும் ஜோஷுவாவும் மோதினார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் உசிக், ரஷ்யப் படையெடுப்பை எதிர்த்துத் தன் நாட்டின் ஆயுதம் தாங்கிய தன்னார்வலராக நின்றிருந்தார். அதே மேடையில் ரம்லா அலி, சவூதி மண்ணில் நடந்த முதல் பெண்கள் தொழில்முறைச் சண்டையில் முதல் சுற்றிலேயே வென்றார். பெண்கள் கார் ஓட்டவே 2018-இல்தான் அனுமதி கிடைத்த நாடு அது.

2023 அக்டோபரில் ஃப்யூரி, கூண்டுச்சண்டையிலிருந்து வந்த ஃப்ரான்ஸிஸ் இங்கானுவுடன் ரியாத்தில் மோதி, கீழே விழுந்து எழுந்து, மயிரிழையில் தப்பினார். அதற்குப் பிறகு அடைமழைதான். அந்த நவம்பரில் நடந்த ஒரு காட்சியை நான் மறக்கவில்லை. பிரிட்டனின் பெரிய ப்ரமோட்டர்கள் இருவர், ஃப்ராங்க் வாரனும் எடி ஹெர்னும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஆண்டுகளாகத் தொழில் நடத்தியவர்கள், ஒரே மேடையில் உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியை அறிவித்தார்கள். அடுத்த ஜூனில் இரண்டு முகாம்களும் ஆளுக்கு ஐந்து வீரர்களை இறக்கி, ஐந்துக்கு ஐந்து என்று ரியாத்தில் மோதவும் விட்டார்கள். எத்தனையோ பேர் கெஞ்சியும் கோபித்தும் நடக்காததைச் சவூதிப் பணம் ஒரே பருவத்தில் நடத்திக்காட்டியது.

2024 மே 18. ரியாத் கிங்டம் அரினாவில் உசிக்கும் ஃப்யூரியும். ஒன்பதாவது சுற்றில் உசிக்கின் இடக்கை ஃப்யூரியின் முகத்தில் இறங்கியது. ஆறடி ஒன்பது அங்குலம் கொண்ட அந்த மலை, கயிற்றுக்குக் கயிறு தள்ளாடியது. நடுவர் இடையில் புகுந்து எண்ணத் தொடங்கினார், மணி அடித்தது. பிளவுத் தீர்ப்பில் உசிக்குக்கு வெற்றி. 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு கேள்வியில்லாத ஒரே ஹெவிவெயிட் சாம்பியன், நான்கு பட்டக் காலத்தின் முதல்வர். கால் நூற்றாண்டுக்குப் பிறகு 'யார் சாம்பியன்?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைத்தது. நம் நேரத்துக்கு விடியலுக்கு முன் எழுந்து அதைப் பார்த்தவர்கள் தூக்கம் கெட்டதற்காக வருந்தியிருக்க மாட்டார்கள்.

அந்த அக்டோபரில் பெட்டர்பியெவ்வும் பிவோலும். இருவரும் தோல்வி அறியாதவர்கள், வெவ்வேறு ப்ரமோட்டர்கள். பெட்டர்பியெவ் மிக நெருக்கமாக வென்றார். நான்கே மாதத்தில் மறுசண்டை, அதில் பிவோல் வென்றார். பழைய முறையில் விட்டிருந்தால் முதல் சண்டையே இன்னும் பேச்சுவார்த்தையில் இருந்திருக்கும். 2025 செப்டம்பர் 13-ஆம் தேதி லாஸ் வேகஸ் அலீஜியண்ட் அரங்கில் 70,482 பேர் கூடினார்கள். காணாமல் போன ஆண்டுகளுக்கு ஈடுகட்டுவது போல, 37 வயது க்ராஃபோர்ட் இரண்டு பிரிவு மேலேறி வந்து கனேலோ ஆல்வரெஸைப் புள்ளிகளில் வீழ்த்தினார். நெட்ஃப்ளிக்ஸில் தனிக்கட்டணம் இல்லாமல் ஒளிபரப்பானது. 4 கோடிக்கும் அதிகமானோர் பார்த்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது. மூன்று எடைப் பிரிவுகளில் நான்கு பட்டங்களையும் சேர்த்து வென்ற முதல் ஆண் வீரர் அவர். அந்த டிசம்பரிலேயே தோல்வி காணாமல் ஓய்வு பெற்றார். அதற்குச் சில நாட்கள் முன்பு டபிள்யூ.பி.சி., கட்டணம் செலுத்தவில்லை என்று அவர் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. பழைய அமைப்பு எப்படிப்பட்டது என்பதற்கு இந்த ஒரு செயல் போதும்.

ஆகவே சவூதி செய்ததை ஒரே சொல்லில் கெடுதல் என்று தள்ளிவிட முடியாது. நான் தள்ளவில்லை. ரசிகருக்கு அவர்கள் கொடுத்தது மெய்யானது.

மொபுட்டு வாங்கியது ஓர் இரவு

குத்துச்சண்டைக்கு ஒரு நாடு பணம் கட்டுவது புதிதல்ல. 1974 அக்டோபர் 30, ஸயர் நாட்டின் கின்ஷாசா. சர்வாதிகாரி மொபுட்டு, அலிக்கும் ஃபோர்மனுக்கும் தலைக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக விடியற்காலை நான்கு மணிக்குச் சண்டை. மறு ஆண்டு பிலிப்பைன்ஸில், ராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மார்கோஸ் அலியையும் ஃப்ரேஸியரையும் மணிலாவுக்கு அழைத்தார். வரலாற்றின் மிகச் சிறந்த இரண்டு சண்டைகள் இரண்டு சர்வாதிகாரிகளின் பணத்தில் நடந்தவை. இதை மறந்துவிட்டு, சவூதியால்தான் குத்துச்சண்டை தூய்மை கெட்டது என்று பேசுவது நேர்மையாகாது.

லாஸ் வேகஸும் பணம் கட்டித்தான் சண்டைகளை வாங்கியது. ஆனால் அந்தச் சூதாட்ட விடுதிகளுக்கு ஒரு கணக்கு இருந்தது. சண்டை பார்க்க வருபவர் சூதாட்ட மேசையில் எவ்வளவு விட்டுவிட்டுப் போவார் என்று பார்த்துத்தான் ப்ரமோட்டருக்குக் காசு போகும். கணக்கு கட்டாவிட்டால் நிறுத்திக்கொள்வார்கள். இன்னொரு விடுதி எடுத்துக்கொள்ளும்.

மொபுட்டு வாங்கியது ஓர் இரவு, வேகஸ் வாங்கியது ஒரு வார இறுதி. ரியாத் வாங்குவது நாட்காட்டியை, பத்திரிகையை, பட்டத்தை, தரவரிசையை. டிக்கெட் விற்றுப் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும் என்ற அவசரம் அதற்கு இல்லை. அதனால் போட்டிக்கு வேறு யாரும் நிற்க முடிவதில்லை. சவூதியின் நோக்கம் 2016-இல் அறிவித்த 'விஷன் 2030' திட்டம். எண்ணெய்க்கு அப்பால் சுற்றுலா, பொழுதுபோக்கு, விளையாட்டு. நியூகாசில் கால்பந்து அணி, லிவ் கோல்ஃப், ரொனால்டோ, 2034 உலகக் கோப்பை எல்லாம் அதே திட்டத்தின் கிளைகள். ஃபார்முலா ஒன்னையோ டென்னிஸையோ முழுதாக வாங்க முடியாது, அங்கே உறுதியான நிர்வாகம் இருக்கிறது. குத்துச்சண்டைக்கு அது இல்லாததால், மற்றவற்றோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசுக்கே கிடைத்துவிட்டது.

விளையாட்டைக் கொண்டு கறையைக் கழுவுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பட்டத்து இளவரசரே 2023-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் பதில் சொன்னார். நாட்டின் வருமானம் ஒரு சதவீதம் உயருமானால் அதைத் தொடர்ந்து செய்வேன் என்பதே அவர் சொன்னதன் சாரம். கறை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெட்டாவில் அந்த முதல் பெரிய சண்டை முடிந்து நான்காம் நாள், 2018 அக்டோபர் 2-ஆம் தேதி, பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் போய்த் திரும்பவில்லை. அவரைப் பிடிக்கவோ கொல்லவோ நடந்த திட்டத்துக்குப் பட்டத்து இளவரசர் ஒப்புதல் தந்தார் என்று 2021-இல் வெளியான அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடு சொன்னது. சவூதி அதை மறுக்கிறது. 2022 மார்ச்சில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. உசிக் சாம்பியனான 2024-ஆம் ஆண்டில் குறைந்தது 345 பேர் என்கிறது அம்னெஸ்டி. மேடையில் நின்று 'ஹிஸ் எக்ஸலன்ஸி' என்று சொல்லும் வீரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூளையை அடகு வைத்து உழைக்கும் மனிதர், கூலி அதிகம் தருபவரிடம் போகிறார். கேள்வி கேட்டிருக்க வேண்டியவர்கள் ப்ரமோட்டர்கள், ஒளிபரப்பாளர்கள், எழுதுகிறவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்கவில்லை.

எழுதுகிறவர்களைச் சொல்லும்போது 'தி ரிங்' பத்திரிகையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1922-இல் நாட் ஃப்ளைஷர் தொடங்கியது. குத்துச்சண்டையின் வேதம் என்று பெயர் வாங்கியது. பட்ட அமைப்புகளைப் பொருட்படுத்தாமல் தன் சாம்பியனைத் தானே அறிவிக்கும் துணிச்சல் அதன் சொத்து. அந்தத் துணிச்சல் ஒருமுறை உடைந்தும் இருக்கிறது. 1977-இல் ப்ரமோட்டர் டான் கிங்கின் போட்டித் தொடர் ஒன்றுக்காக அதன் தரவரிசையில் நடக்காத சண்டைகளெல்லாம் ஏறின. விஷயம் வெளியானதும் ஏ.பி.சி. தொலைக்காட்சி அந்தத் தொடரையே நிறுத்தியது. 2024 நவம்பரில் அந்தப் பத்திரிகையை துர்கி அல்-ஷேக் ஒரு கோடி டாலருக்கு வாங்கிவிட்டார். சண்டைக்குப் பணம் கொடுப்பவரும், சண்டையை மதிப்பிடும் பத்திரிகையின் உரிமையாளரும், பட்டம் கொடுப்பவரும் இப்போது ஒருவரே.

எத்தனை குத்து வாங்க வேண்டும்?

2025 மே மாதத் தொடக்கம். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில், விளம்பரப் பலகைகளின் வெளிச்சத்துக்கு நடுவே, தெருவில் மேடை போட்டார்கள். நகரத்தின் இதயத்தில் சண்டை, ஆனால் பார்த்தவர்கள் அழைக்கப்பட்டவர்கள் மட்டும். எதிர்பார்த்த ரயன் கார்சியா சோர்ந்துபோய் ரோலி ரொமேரோவிடம் தோற்றார். மற்றச் சண்டைகளும் மந்தம். அடுத்த இரவு ரியாத்தில் கனேலோவும் வில்லியம் ஸ்கல்லும். அமெரிக்க ரசிகர்களின் மாலைக்காக, ரியாத்தில் பொழுது விடியும் நேரத்தில் நடந்த சண்டை. ஸ்கல் ஓடிக்கொண்டே இருந்தார், கனேலோ துரத்திக்கொண்டே இருந்தார். குத்துகளை எண்ணும் காம்பியூபாக்ஸ் நிறுவனத்தின் ஏடுகளில், பன்னிரண்டு சுற்றுச் சண்டைகளிலேயே மிகக் குறைவான எண்ணிக்கை அன்றுதான் பதிவானது. இருவரும் சேர்ந்து வீசியவை 445.

துர்கிக்குக் கோபம். பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் 'டாம் அண்ட் ஜெர்ரி' சண்டைகள் இனி வேண்டாம், நின்று மோதுபவர்களுக்கே இடம் என்கிற பொருளில் வெளிப்படையாக எழுதினார். ரசிகர்கள் பலர் கைதட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் அடிவயிறு கலங்கியது.

அடிபடாமல் அடிப்பதுதான் குத்துச்சண்டைக் கலை. தலையை அரை அங்குலம் நகர்த்தி ஒரு குத்தைக் காற்றில் விடுவதற்குப் பத்தாண்டுப் பயிற்சி வேண்டும். பெர்னல் விட்டேக்கர் அப்படி நின்றார், மேவெதர் அப்படி நின்றார். துர்கியின் பெருமைக்குரிய இரவில் கனேலோவை க்ராஃபோர்ட் வென்றதும் அந்தக் கலையால்தான். தலையில் விழும் ஒவ்வொரு குத்தும் மூளையில் சேமிப்பாகிறது. நாற்பது, ஐம்பது வயதில் அது கணக்குக் கேட்கும். பேச்சு குழறும், கை நடுங்கும், பிள்ளைகளின் பெயர் மறக்கும். 'தற்காத்துச் சண்டையிட்டால் அடுத்த அழைப்பு வராது' என்று ஒரே பணக்காரர் சொன்னால், அது ரசனை பற்றிய கருத்தாக மட்டும் நிற்பதில்லை. ஒரு வீரர் தன் வாழ்நாளில் எத்தனை குத்து வாங்க வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது. முன்பு ஒரு ப்ரமோட்டருக்கு இவர் பாணி பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் போகலாம். எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு மாட்டினால் எங்கே போவார்?

இன்னொரு புகாரும் தொழிலுக்குள் எழுந்திருக்கிறது. ரியாத்தில் கிடைக்கும் தொகையை ஒருமுறை பார்த்தவர்கள் சொந்த ஊரில் சாதாரணத் தொகைக்கு நல்ல சண்டைக்கு வர மறுக்கிறார்கள், அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். சிறிய மண்டபங்களில், தன் உறவுக்காரர்களுக்குத் தானே டிக்கெட் விற்று அதிலிருந்து சம்பளம் எடுக்கும் இளம் வீரர்கள் பிரிட்டனில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அடுத்த உசிக் வரவேண்டியது இப்படிப்பட்ட மண்டபங்களிலிருந்துதான். அங்கே ரியாத்தின் வெளிச்சம் விழவில்லை. சவூதி நாட்டிலிருந்தே இதுவரை ஓர் உலக சாம்பியன் எழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேடை கட்டப் பணம் போதும், வீரரை உருவாக்க முப்பது ஆண்டுப் பயிற்சிக்கூடங்கள் வேண்டும்.

அலியின் பெயரில் ஒரு சட்டம்

உண்மையான மாற்றம் மேடையில் நடக்கவில்லை, வாஷிங்டனில் நடந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் துர்கியும், சவூதி அரசு முதலீட்டு நிதியத்தின் கையிலுள்ள செலா நிறுவனமும், அமெரிக்காவின் டி.கே.ஓ. குழுமமும் சேர்ந்து ஒரு புதிய குத்துச்சண்டை நிறுவனத்தை அறிவித்தன. டி.கே.ஓ. என்பது கூண்டுச்சண்டை யு.எஃப்.சி.-க்கும் மல்யுத்தக் காட்சி டபிள்யூ.டபிள்யூ.இ.-க்கும் உரிமையாளர். முகம், யு.எஃப்.சி.-யின் டேனா வைட். பெயர், ஸுஃபா பாக்ஸிங்.

யு.எஃப்.சி. எப்படி நடக்கிறது? வீரர், பட்டம், தரவரிசை, எதிராளி, தேதி எல்லாம் ஒரே நிறுவனத்தின் முடிவு. நல்ல சண்டைகள் தாமதமின்றி நடக்கும், உண்மை. ஆனால் வருமானத்தில் வீரர்களுக்குப் போகும் பங்கு, குத்துச்சண்டையின் பெரிய வீரர்கள் வாங்குவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வீரர்கள் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 37.5 கோடி டாலர் கொடுத்து ஒரு வழக்கைச் சமரசமாக முடித்தது அந்த நிறுவனம்.

இதே முறை குத்துச்சண்டைக்கு வருவதைத் தடுத்து நிற்பது அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், முகம்மது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம். ஒரு சண்டையில் தனக்கு வரும் வருமானம் எவ்வளவு என்பதை ப்ரமோட்டர் வீரரிடம் வெளியிட வேண்டும். ப்ரமோட்டரே வீரரின் மேலாளராக இருந்து இரண்டு பக்கமும் பேரம் பேசக் கூடாது. வீரரை அடிமைப்படுத்தும் நீண்ட ஒப்பந்தங்களுக்கு எல்லை உண்டு. தரவரிசைக்குக் காரணம் காட்ட வேண்டும்.

அலியின் பெயர் அதற்கு வந்தது அலங்காரத்துக்காக அல்ல. 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடியதை எம்.ஜி.ஆர். நேரில் பார்த்தார். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் அலி பரிதாபமாக அடிவாங்கினார். அதற்குப் பேசப்பட்டது 80 லட்சம் டாலர். அதில் பத்து லட்சத்துக்கு மேல் குறைத்துத் தந்ததாக ப்ரமோட்டர் டான் கிங் மீது வழக்குப் போட்டார். உடல் தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 50,000 டாலரோடு அந்த வழக்கு முடிந்தது. உலகமே அறிந்த மனிதருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாதவரின் கதி என்ன என்ற கேள்வியிலிருந்துதான் இப்படிச் சட்டங்கள் பிறக்கின்றன.

2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் ஒரு மசோதா வந்தது. 'முகம்மது அலி அமெரிக்கக் குத்துச்சண்டை மறுமலர்ச்சிச் சட்டம்' என்று பெயர். பழைய சட்டத்தை நீக்கவில்லை, ஆனால் பக்கத்தில் ஒரு மாற்றுப்பாதை திறக்கிறது. 'ஒருங்கிணைந்த குத்துச்சண்டை அமைப்பு' என்று ஒரு நிறுவனம் பதிவு செய்துகொண்டால், தானே ப்ரமோட்டராகவும், தானே பட்டம் தருவதாகவும், தானே தரவரிசை போடுவதாகவும் இருக்கலாம். சுற்றுக்குக் குறைந்தபட்ச ஊதியம், மருத்துவக் காப்பீடு, உடல் பரிசோதனை ஆகிய நல்ல அம்சங்கள் அதில் உண்டு. அலியின் மனைவி லானி அலி அதை ஆதரிக்கிறார். அவர் கருத்தை நான் மதிக்கிறேன். எதிர்ப்பவர்களில் முன்னாள் சாம்பியன் ஆஸ்கர் டி லா ஹோயாவும் ஒருவர். அவரும் ப்ரமோட்டர்தான், அவருக்கும் லாபக் கணக்கு உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் பக்கமே சரி என்பது என் முடிவு. காப்பீட்டையும் ஊதியத்தையும் தனிச் சட்டமாகவே கொண்டுவரலாம். அதற்கு விலையாக வீரரின் பேரம் பேசும் உரிமையை ஏன் கேட்கிறார்கள்?

ஒரே கை எல்லாவற்றையும் பிடித்தால் என்ன ஆகும் என்பதைக் குத்துச்சண்டை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1949-இல் ஜேம்ஸ் நாரிஸ், இன்டர்நேஷனல் பாக்ஸிங் க்ளப் என்ற அமைப்பைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், அமெரிக்காவில் நடந்த 44 உலகப் பட்டச் சண்டைகளில் 36 அவர் கையில். அப்போதும் ரசிகர்களுக்கு நல்ல சண்டைகள் கிடைத்தன, தொலைக்காட்சியில் வாரந்தோறும் இலவசமாகவே கிடைத்தன. திரைக்குப் பின்னால் ஃப்ராங்கி கார்போ என்ற மாஃபியா ஆள் வீரர்களை ஆட்டுவித்தார். சம்மதிக்காதவருக்குப் பட்டத்துக்கான வாய்ப்பே இல்லை. 1959-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்கும் உத்தரவை உறுதிசெய்தது. துர்கியைக் கார்போவோடு ஒப்பிடவில்லை, அது அநியாயம். ஒரே வாசல் வைத்த வீடு எப்படி இருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த வாசலும் எப்போது மூடும் என்று தெரியாது. எண்ணெய் விலை சரியலாம். இளவரசரின் ஆர்வம் வேறு பக்கம் திரும்பலாம். அதற்குள் பழைய ப்ரமோட்டர்கள் சுருங்கி, சிறு மண்டபங்கள் மூடி, சட்டமும் தளர்ந்திருந்தால் குத்துச்சண்டை எதில் ஊன்றி நிற்கும்? சவூதிப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. உசிக் – ஃப்யூரியைத் தந்த பணம் அது. அந்தப் பணம் வரட்டும், ஆனால் அலியின் சட்டத்துக்கு உட்பட்டு வரட்டும். வரவு செலவைக் காட்டட்டும். தரவரிசை வேறு கையில் இருக்கட்டும். வீரர்களுக்கு வலுவான ஒரு சங்கம் அமையட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரியாத் சண்டையை விழித்திருந்து பார்க்கப் போகிறீர்களானால், தலைப்புச் சண்டைக்கு நாலைந்து மணி நேரம் முன்பே தொலைக்காட்சியைப் போடுங்கள். நாற்காலிகள் காலியாக இருக்கும், வர்ணனையாளர்கள் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள், பெயர் தெரியாத இரண்டு இளைஞர்கள் ஆறு சுற்றோ எட்டுச் சுற்றோ ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருப்பார்கள். அந்த இருவரையும் பாருங்கள். அலியின் சட்டம் அவர்களுக்காக எழுதப்பட்டது.